நீரில் தெரிவது நகல் அல்ல: வாத்தைப் படமெடுக்கும் அறிவியல்

கைப்பேசியில் ஒரு வாத்தின் படம் வருகிறது. சிவந்த அலகு, செம்மஞ்சள் நிறக் கன்ன இறகுகள், பளபளக்கும் ஊதா மார்பு. அதன் கீழே, நீரில், அதே வாத்து தலைகீழாகத் தெரிகிறது. பார்த்தவுடன் நம் விரல் 'விருப்பம்' பொத்தானை நோக்கிப் போகிறது. கொஞ்சம் பொறுங்கள், மாணவர்களே. அந்தப் பிம்பம் உண்மையிலேயே நீரில் விழுந்ததா? அல்லது ஒரு செயலி மேல்பாதியை அப்படியே புரட்டிக் கீழே ஒட்டியதா?

'இரண்டும் ஒன்றுதானே, நீரில் தெரிவது தலைகீழான நகல்தானே' என்று பலர் நினைக்கிறார்கள். அது சரியல்ல. நீரில் தெரியும் பிம்பம் அதே பறவையை வேறோர் இடத்திலிருந்து பார்க்கும் இரண்டாவது பார்வை. இந்த ஓர் உண்மை புரிந்தால் இரண்டு பயன்கள் உண்டு. நல்ல படம் எடுக்கலாம். போலிப் படத்தைக் கண்டுபிடிக்கவும் செய்யலாம். இந்த வாரப் பாடம் அதைப் பற்றியதுதான்.

முதலில் வாத்தைத் தெரிந்துகொள்வோம்

நீர்ப்பறவைகளில் மிக வண்ணமயமானவற்றுள் ஒன்று மாண்டரின் வாத்து. சீனா, ஜப்பான், கொரியா, ரஷ்யாவின் தூரக்கிழக்குப் பகுதி ஆகியவை இதன் தாயகம். நீளம் அரை மீட்டருக்கும் குறைவு. மரப்பொந்தில் கூடு வைக்கும். ஆண் வாத்துக்குத்தான் இத்தனை அலங்காரம். பெண் வாத்து சாம்பலும் பழுப்புமாக, கண்ணைச் சுற்றி மெல்லிய வெள்ளைக் கோட்டுடன் இருக்கும்.

சீனர்களின் வழக்கில் இந்த வாத்து இணை, பிரியாத தம்பதியரின் சின்னம். அதன் சீனப் பெயர் யுவான்யாங். ஹாங்காங்கில் கோப்பியும் தேநீரும் கலந்த பானத்துக்கும் இதே பெயர்தான். நம் ஊர்க் கோப்பிக் கடைகளில் அதையே 'சாம்' என்று கேட்டு வாங்குகிறோம். 2018 அக்டோபரில் நியூயார்க்கின் சென்ட்ரல் பார்க் குளத்தில் ஒரே ஓர் ஆண் மாண்டரின் வாத்து தோன்றியது. அதைப் பார்க்கவும் படமெடுக்கவும் பெருங்கூட்டம் திரண்டது.

மலேசியாவின் காடுகளிலும் ஏரிகளிலும் மாண்டரின் வாத்து இயற்கையாக வாழ்வதில்லை. பறவைப் பூங்காக்களில் வளர்க்கப்படுவதையே நாம் பார்க்க முடியும். அதற்காக மனம் தளர வேண்டாம். நம் ஈரநிலங்களில் செம்பழுப்பு நிறச் சீழ்க்கைச் சிறகிகள் இருக்கின்றன. மலாய்மொழியில் இவற்றை 'பெலிபிஸ்' என்பார்கள். சில ஏரிகளில் குள்ளத்தாரா எனப்படும் மிகச் சிறிய நீர்ப்பறவையையும் காணலாம். அதன் ஆணுக்கு வெள்ளை உடலும் பச்சை மினுமினுப்பும் உண்டு. இவை எதுவும் கிடைக்கவில்லையென்றால் கம்பத்து வீட்டு வாத்து போதும். மஸ்கோவி வாத்தைத் தவிர, உலகில் வீட்டில் வளர்க்கப்படும் வாத்துகள் எல்லாம் மல்லார்ட் என்ற காட்டு வாத்தின் வழிவந்தவை. அதனால்தான் சில வீட்டுச் சேவல் வாத்துகளின் தலை இன்றும் பச்சையாக மின்னுகிறது.

இரண்டு வகை நிறங்கள்

வாத்தின் உடலில் நிறம் இரண்டு வழிகளில் உண்டாகிறது. முதலாவது நிறமி. மெலனின் என்ற நிறமி கறுப்பையும் பழுப்பையும் தருகிறது. மல்லார்ட் ஆணின் மஞ்சள் அலகுக்குக் காரணம் கரோட்டினாய்டு என்ற நிறமி. உணவிலிருந்து உடல் இதைப் பெறுகிறது. நிறமியால் வரும் நிறம் எந்தக் கோணத்திலிருந்து பார்த்தாலும் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கும்.

இரண்டாவது, அமைப்பு நிறம். மல்லார்ட்டின் பச்சைத் தலையில் பச்சை நிறமி கிடையாது. இறகின் நுண்கிளைகளில் கெரட்டின் படலமும் அதன் அடியில் மெலனின் துகள்களும் ஒழுங்காக அடுக்கப்பட்டுள்ளன. இந்த அடுக்குகளின் இடைவெளி ஒளியின் அலைநீளத்தை ஒத்த அளவில் இருப்பதால், திரும்பி வரும் ஒளியலைகளில் சில ஒன்றையொன்று வலுப்படுத்துகின்றன. சில ஒன்றையொன்று அழிக்கின்றன. மிஞ்சும் அலைநீளமே நம் கண்ணுக்குப் பச்சையாகத் தெரிகிறது. சவர்க்காரக் குமிழியிலும், மழை நாளில் சாலையில் சிந்திய எண்ணெயிலும் நீங்கள் பார்க்கும் வண்ணங்கள் இதே குறுக்கீட்டு விளைவால் வருபவைதாம்.

1665இல் ராபர்ட் ஹூக் தம் 'மைக்ரோகிராஃபியா' நூலில் மயிலிறகை நுண்நோக்கியில் ஆராய்ந்ததைப் பற்றி எழுதினார். இறகை நீரில் நனைத்தால் அதன் வண்ணம் மறைவதையும் அவர் கவனித்தார். நிறமியாக இருந்தால் நனைந்ததும் மறையாதே! நிறம் இறகின் அமைப்பில் இருக்கிறது என்பதற்கு அது ஒரு தொடக்கச் சான்று.

அமைப்பு நிறத்தின் சிறப்பு, அது கோணத்தைப் பொறுத்தது என்பதே. வாத்து தலையைச் சற்றுத் திருப்பினால் பச்சை, நீலமாகவோ ஊதாவாகவோ மாறும். இன்னும் திருப்பினால் கறுத்துவிடும். எனவே, வாத்தைப் படமெடுக்கும்போது சூரியன் உங்கள் முதுகுப் பக்கம் இருக்கட்டும். அப்போதுதான் இறகில் பட்ட ஒளி உங்கள் பக்கம் திரும்பி வரும். தலை திரும்பி நிறம் மின்னும் அந்தக் கணத்துக்காகக் காத்திருங்கள்.

நீருக்கு அடியில் இன்னொரு படக்கருவி

இப்போது பிம்பத்துக்கு வருவோம். சமதளக் கண்ணாடியின் விதி உங்களுக்குத் தெரியும்: படுகோணமும் பிரதிபலிப்புக் கோணமும் சமம். அசையாத நீர்ப்பரப்பும் ஒரு சமதளக் கண்ணாடியே.

இதை வேறு விதமாகவும் சொல்லலாம். உங்கள் படக்கருவி நீர்மட்டத்துக்கு மேலே 1.5 மீட்டர் உயரத்தில் இருந்தால், நீர்மட்டத்துக்குக் கீழே 1.5 மீட்டர் ஆழத்தில் இன்னொரு படக்கருவி இருப்பதாகக் கற்பனை செய்யுங்கள். நீர்ப்பரப்பே இல்லை என்று வைத்துக்கொண்டு, அந்தக் கீழ்ப் படக்கருவி வாத்தை அண்ணாந்து பார்த்தால் என்ன தெரியுமோ, அதுதான் பிம்பத்தில் தெரியும். அதாவது, மேலே உள்ள படத்தில் வாத்தின் முதுகு. கீழே உள்ள பிம்பத்தில் அலகின் அடிப்பக்கம், தாடை, மார்பின் கீழ்ப்பகுதி. ஒரே படத்தில் இரண்டு பார்வைகள்!

ஒரு கணக்குப் போடுவோம். வாத்து 5 மீட்டர் தூரத்தில் இருக்கிறது. அதன் கண் நீர்மட்டத்திலிருந்து 0.15 மீட்டர் உயரத்தில் இருக்கிறது.

நீங்கள் நின்றுகொண்டு 1.5 மீட்டர் உயரத்திலிருந்து படமெடுத்தால், படக்கருவிக்கும் கண்ணுக்கும் உள்ள உயர வேறுபாடு 1.35 மீட்டர். அதை 5ஆல் வகுத்தால் 0.27. இது ஏறக்குறைய 15 பாகையின் டேன் மதிப்பு. அதாவது, வாத்தை 15 பாகை மேலிருந்து பார்க்கிறீர்கள். கற்பனைப் படக்கருவிக்கோ உயர வேறுபாடு 1.65 மீட்டர், 5ஆல் வகுத்தால் 0.33, கோணம் 18 பாகை. அது வாத்தை 18 பாகை கீழிருந்து பார்க்கிறது. இரண்டு பார்வைகளுக்கும் இடையே 33 பாகை வேறுபாடு.

இனி, படக்கருவியை நீர்மட்டத்துக்கு 0.3 மீட்டர் உயரத்துக்கு இறக்குங்கள். அதே முறையில் கணக்கிட்டால் மேல் பார்வை 2 பாகைக்கும் குறைவு. கீழ்ப் பார்வை 5 பாகை. வேறுபாடு சுமார் 7 பாகை மட்டுமே. இப்போதுதான் மேல்பாதியும் கீழ்ப்பாதியும் சீட்டுக்கட்டு ராஜாவைப் போல ஒன்றுக்கொன்று ஒத்துப்போகும். முக்கோணவியல் இன்னும் படிக்காதவர்கள் வரைபடத் தாளில் அளவுப்படம் வரைந்து, பாகைமானியால் அளந்து பாருங்கள். இதே விடைதான் கிடைக்கும்.

பிம்பம் எவ்வளவு ஒளிரும்?

வீட்டுக் கண்ணாடி தன்மேல் விழும் ஒளியில் பெரும்பகுதியைத் திருப்பி அனுப்புகிறது. நீர் அப்படியல்ல. ஒளியின் ஒரு பகுதி பிரதிபலிக்கிறது. மீதி விலகி நீருக்குள் சென்றுவிடுகிறது. எவ்வளவு பிரதிபலிக்கும் என்பதைப் படுகோணம் தீர்மானிக்கிறது. படுகோணத்தை நீர்ப்பரப்புக்குச் செங்குத்தான கோட்டிலிருந்து அளக்க வேண்டும் என்பதை மறந்துவிடாதீர்கள்.

படுகோணம் 0 பாகை (நேர் மேலிருந்து): சுமார் 2 விழுக்காடு
படுகோணம் 60 பாகை: சுமார் 6 விழுக்காடு
படுகோணம் 72 பாகை: சுமார் 16 விழுக்காடு
படுகோணம் 80 பாகை: சுமார் 35 விழுக்காடு
படுகோணம் 85 பாகை: சுமார் 58 விழுக்காடு

இந்த எண்களை ஃபிரெனல் சமன்பாடுகளிலிருந்து பெறுகிறோம். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வாழ்ந்த பிரெஞ்சு இயற்பியலாளர் ஃபிரெனலின் பெயர் அது. நீரின் ஒளிவிலகல் எண் 1.33 என்று கொண்டு இவை கணக்கிடப்பட்டவை.

முந்தைய கணக்கோடு இதைச் சேர்த்துப் பாருங்கள். நின்றபடி எடுத்தபோது பிம்பத்தின் பார்வைக் கோடு நீர்ப்பரப்போடு 18 பாகையில் இருந்தது. அப்படியானால் படுகோணம் 90 கழித்தல் 18, அதாவது 72 பாகை. பிம்பத்துக்குக் கிடைத்த ஒளி 16 விழுக்காடு. படக்கருவியை இறக்கியதும் படுகோணம் 85 பாகை. ஒளி 58 விழுக்காடு. ஏறக்குறைய மூன்றரை மடங்கு! புதிய வில்லை வாங்கவில்லை, செயலியும் வேண்டியதில்லை. முழங்காலை மடக்கியது ஒன்றுதான் நீங்கள் செய்த மாற்றம்.

இன்னொன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். எவ்வளவு தாழ்ந்தாலும் நீர் 100 விழுக்காடு ஒளியைத் திருப்பித் தராது. ஆகவே, உண்மையான பிம்பத்தின் வெளிச்சமான பகுதிகள் பறவையைவிடச் சற்று மங்கலாகவே இருக்கும்.

கோப்பி ஓவும் தே தாரேக்கும்

ஒரே உயரத்திலிருந்து எடுத்தாலும் ஒரு குளத்தில் பிம்பம் தெளிவாகவும் மற்றொரு குளத்தில் வெளிறியும் தெரிகிறதே, ஏன்? நீருக்குள் சென்ற மீதி ஒளி என்ன ஆகிறது என்பதில்தான் விடை இருக்கிறது.

பால் கலக்காத கோப்பி ஓவைக் கிண்ணத்தில் ஊற்றிப் பாருங்கள். உள்ளே சென்ற ஒளியை அது உறிஞ்சிக்கொள்கிறது. மேற்பரப்பில் பிரதிபலித்த ஒளி மட்டும் நம் கண்ணுக்கு வருவதால் விளக்கின் பிம்பம் பளிச்சென்று தெரியும். தே தாரேக்கில் பால் துகள்கள் ஒளியைச் சிதறடித்து வெளியே அனுப்புகின்றன. மேற்பரப்பு திருப்பி அனுப்பும் ஒளியின் அளவு இரண்டிலும் ஏறத்தாழ ஒன்றே. ஆனால் தே தாரேக்கில் அந்தச் சிதறிய ஒளி பிம்பத்தின்மேல் திரை போட்டுவிடுகிறது.

குளங்களும் இப்படித்தான். மழைக்குப் பின் சேறு கலங்கிய நீர் தே தாரேக். மரநிழல் விழும் ஆழமான நீர் கோப்பி ஓ. கலங்கிய நீரில் வாத்தின் கறுப்பு இறகுகூடப் பிம்பத்தில் மண் நிறமாகத் தெரியும். எனவே, பிம்பப் படத்துக்கு இடம் தேடும்போது வாத்தைப் பார்ப்பதற்கு முன் நீரைப் பாருங்கள்.

பின்னணியும் முக்கியம். வாத்தைச் சுற்றியுள்ள நீரின் நிறம் பெரும்பாலும் எதிர்க்கரையிலிருந்து இரவல் வாங்கியதுதான். எதிர்க்கரையில் அடர்ந்த மரம் இருந்தால் நீர் கரும்பச்சை. திறந்த வானம் இருந்தால் வெள்ளை. செம்மஞ்சள் இறகு கரும்பச்சைப் பின்னணியில் எடுப்பாகத் தெரியும்.

படக்கருவி வைத்திருப்பவர்கள் சிலர் வில்லையின் முன்னால் ஒளிமுனைவு வடிகட்டியைப் பொருத்துவார்கள். பிம்பம் வேண்டுமென்றால் அதைக் கழற்றிவிடுங்கள். டேவிட் புரூஸ்டர் 1815இல் வகுத்த விதிப்படி, நீரில் 53 பாகைப் படுகோணத்தில் பிரதிபலிக்கும் ஒளி முழுமையாக முனைவுபட்டிருக்கும். வடிகட்டியைத் திருப்பினால் அந்த ஒளி தடுக்கப்பட்டுவிடும். மீனைப் படமெடுக்க அது உதவும். வாத்தின் பிம்பத்துக்கு அது எதிரி.

சிற்றலை ஒவ்வொன்றும் ஒரு கண்ணாடி

ஒரு கண்ணாடியை 5 பாகை சாய்த்தால் பிரதிபலித்த கதிர் 10 பாகை திரும்பும். சாய்வைப் போல இரு மடங்கு. நீர்ப்பரப்பில் ஒவ்வொரு சிற்றலையும் சாய்ந்த ஒரு சிறு கண்ணாடி. மெல்லிய காற்றுகூடப் பிம்பத்தைச் சிதைப்பதற்கு இதுவே காரணம்.

தாழ்ந்த கோணத்தில் பார்க்கும்போது, நம்மை நோக்கியும் நமக்கு எதிராகவும் சாய்ந்த அலைகள் பிம்பத்தை மேலும் கீழும் அதிகமாக நகர்த்துகின்றன. பக்கவாட்டில் சாய்ந்த அலைகளின் விளைவு மிகக் குறைவு. அதனால்தான் அலையும் நீரில் பிம்பம் நெடுக்காக நீள்கிறது. இரவில் ஆற்றில் தெருவிளக்கின் ஒளி நீண்ட தூண்போலத் தெரிவதும் இதே காரணத்தால்தான்.

காற்று ஓய்ந்திருக்கும் அதிகாலைதான் ஏற்ற நேரம். ஆனால் காற்று இல்லாவிட்டாலும் வாத்தே அலை எழுப்புமே! இங்கே ஒரு சுவையான எண் உதவுகிறது. நீர்ப்பரப்பில் ஓடும் அலைகளுக்கு ஒரு குறைந்தபட்ச வேகம் உண்டு: வினாடிக்குச் சுமார் 23 சென்டிமீட்டர். அதைவிட மெதுவாகச் சீராக நகரும் பொருளின் பின்னால் அலைத்தடம் உருவாகாது. வேகமாக நீந்தும் வாத்தின் பின்னால் ஆங்கில 'வி' எழுத்துப்போல அலை விரியும். ஓய்வாக மிதந்து வரும் வாத்தின் முன்னே நீர் கண்ணாடிபோல இருக்கும். வாத்தைத் துரத்தினால் பிம்பம் கிடைக்காது என்பதற்கு இதைவிடத் தெளிவான காரணம் வேண்டுமா?

படமெடுக்கும் முறை

1. தாழ்ந்து அமருங்கள். கைப்பேசியைத் தலைகீழாகப் பிடித்தால் வில்லை கீழ்ப்பக்கம் வரும். நீர்மட்டத்துக்கு இன்னும் நெருக்கமாகும்.

2. பெரிதாக்கும்போது கைப்பேசியில் உள்ள தனித் தொலைவில்லையை மட்டும் பயன்படுத்துங்கள். அதற்கும் மேல் திரையில் விரித்துப் பெரிதாக்கினால் புதிய விவரம் எதுவும் சேராது. இருப்பதுதான் ஊதிக் காட்டப்படும். தொலைவில்லை இல்லாவிட்டால் முகத்தை மட்டும் எடுக்க முயலாமல், வாத்தையும் சுற்றியுள்ள நீரையும் சேர்த்து எடுங்கள்.

3. கண்ணில் குவியுங்கள். நெருங்கிய உருவப்படத்தில் கண் தெளிவாக இருந்தால் வால் மங்கினாலும் பரவாயில்லை. வாத்தின் விழியில் ஒரு வெள்ளைப் புள்ளி தெரிகிறதா? விழியின் வளைந்த முன்பரப்பு குவியாடியாகச் செயல்பட்டு வானத்தைச் சிறிதாக்கிக் காட்டுகிறது. அந்தப் புள்ளிதான் படத்துக்கு உயிர் தருகிறது.

4. தனிப் படக்கருவியில் 300 மில்லிமீட்டர் வில்லையும் எஃப் 5.6 துளையும் வைத்து 5 மீட்டர் தூரத்தில் எடுத்தால், தெளிவாகத் தெரியும் ஆழம் சுமார் 6 சென்டிமீட்டர்தான். அதாவது, கண்ணுக்கு முன்னும் பின்னும் ஏறக்குறைய 3 சென்டிமீட்டர். இது மாணவர்கள் பலர் பயன்படுத்தும் நடுத்தர அளவு உணரி கொண்ட படக்கருவிக்கான கணக்கு. நின்றபடி எடுத்தால், பிம்பத்திலிருந்து ஒளி வரும் பாதை நேர்ப்பாதையைவிடச் சுமார் 9 சென்டிமீட்டர் நீளம். ஆகவே பிம்பம் மங்கிவிடும். 0.3 மீட்டர் உயரத்துக்குத் தாழ்ந்தால் வேறுபாடு 2 சென்டிமீட்டர் மட்டுமே. கண்ணும் அதன் பிம்பமும் சேர்ந்தே தெளிவாக விழும். தாழ்வதால் கிடைக்கும் மூன்றாவது நன்மை இது.

5. மிதக்கும் வாத்துக்கு ஷட்டர் வேகம் வினாடியில் 250இல் ஒரு பங்கு போதும். தலையைச் சிலுப்பும்போது 1000இல் ஒரு பங்கு வேண்டும். தொடர்ச்சியாகச் சில படங்கள் எடுங்கள். ஒன்றிலாவது கண் திறந்திருக்கும், தலை சரியான கோணத்தில் மின்னும்.

6. வெள்ளை இறகுகள் வெளிறிப்போகாதபடி ஒளியைச் சற்றுக் குறைத்து வையுங்கள். வெள்ளையில் ஒருமுறை தொலைந்த விவரத்தைப் பிறகு எந்தச் செயலியாலும் மீட்க முடியாது.

வாத்தின் நலமும் உங்கள் நலமும்

வாத்து கழுத்தை நிமிர்த்தி அசையாமல் நிற்கிறதா, மேய்வதை நிறுத்திவிட்டதா, உங்களை விட்டு விலகி நீந்துகிறதா? நீங்கள் மிக அருகில் போய்விட்டீர்கள் என்று பொருள். பின்வாங்குங்கள். இனப்பெருக்கக் காலம் முடிந்ததும் ஆண் மாண்டரின் வாத்து தன் அலங்கார இறகுகளை உதிர்த்துப் பெண்ணைப் போலவே தோன்றும். சிவந்த அலகை வைத்துத்தான் அடையாளம் காண முடியும். அந்தக் காலத்தில் வாத்துகளின் பறக்கும் இறகுகளும் ஒன்றாக உதிர்ந்து, சில வாரங்கள் பறக்க முடியாமல் இருக்கும். அப்போது விரட்டினால் அதற்குத் தப்பிக்க வழியில்லை. கூட்டின் அருகிலும் குஞ்சுகளின் அருகிலும் போகாதீர்கள்.

ரொட்டித் துண்டு போட்டு வாத்தை வரவழைக்க வேண்டாம். அதில் வாத்துக்குத் தேவையான சத்து இல்லை. தின்னாமல் மிஞ்சுவது அழுகி நீரைக் கெடுக்கும். முகத்துக்கு நேரே ஒளிவீச்சு விளக்கையும் போடாதீர்கள்.

உங்கள் பாதுகாப்பும் முக்கியம். வழுக்கும் கரையில் தனியாக இறங்க வேண்டாம். பெரியவர் ஒருவர் உடன் இருக்கட்டும். முதலை எச்சரிக்கைப் பலகை உள்ள ஈரநிலங்களில் கரையோரம் அமரவே கூடாது. தேங்கிய நீரில் எலிச் சிறுநீர் நோய்க் கிருமி இருக்கலாம். கையிலோ காலிலோ காயம் இருந்தால் நீரைத் தொடாதீர்கள். வீடு திரும்பியதும் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள். பறவைப் பூங்காவில் வேலிக்கு வெளியே, தாழ்வான நடைபாதையில் அமர்ந்து எடுத்தாலே நல்ல படம் கிடைக்கும்.

உண்மையா, ஒட்டு வேலையா?

முதலில் கேட்ட கேள்விக்கு இப்போது உங்களாலேயே விடை சொல்ல முடியும். பிம்பப் படம் ஒன்றைப் பார்த்தால் இந்த ஐந்தையும் சோதியுங்கள்.

முதுகு: மேலே வாத்தின் முதுகுப்பரப்பு தெரிகிறது, பிம்பத்திலும் அதே முதுகுப்பரப்பு தெரிந்தால் அது புரட்டி ஒட்டிய படம். நீரிலிருந்து பார்க்கும் கண்ணுக்கு முதுகின் மேற்பரப்பு தெரியாது.

பின்னணி: சற்று உயரத்திலிருந்து எடுத்த படத்தில் வாத்துக்குப் பின்னால் நீர் தெரியும், அதன் பிம்பத்தைச் சுற்றியோ எதிர்க்கரை மரமோ வானமோ தெரியும். இரண்டு இடத்திலும் பின்னணி அச்சாக ஒன்றே என்றால் சந்தேகப்படுங்கள்.

வெளிச்சம்: பிம்பத்தின் வெள்ளைப் பகுதி பறவையின் வெள்ளைக்குச் சமமாகவோ அதைவிடப் பளிச்சென்றோ இருக்கிறதா?

அலை: வாத்தைச் சுற்றி நீர் அலைகிறது, ஆனால் பிம்பத்தில் ஒரு நெளிவுகூட இல்லையா?

மினுமினுப்பு: பச்சைத் தலையின் நிறம் இரண்டு பார்வைகளிலும் சிறிதாவது வேறுபட வாய்ப்புண்டு. நின்றபடி எடுத்த படத்தில் ஒவ்வோர் இறகிலும் நிறம் அச்சாக ஒன்றாக இருந்தால் அதுவும் ஒரு குறிப்பு.

ஓர் எச்சரிக்கையும் உண்டு. நீர்மட்டத்தை ஒட்டி எடுத்த படத்தில் இரண்டு பார்வைகளும் நெருங்கிவிடுவதால் முதல் இரண்டு சோதனைகளும் கடைசிச் சோதனையும் வலுவிழக்கும். அப்போது வெளிச்சத்தையும் அலையையும் நம்புங்கள். ஒரே ஒரு சோதனையை வைத்துத் தீர்ப்புச் சொல்லாமல் பல சான்றுகளைச் சேர்த்துப் பார்ப்பதுதான் அறிவியல் முறை.

செயலியில் அழகுக்காகப் படத்தை மாற்றுவது குற்றமல்ல. ஆனால் அறிவியல் கண்காட்சியிலோ போட்டியிலோ வைக்கும் படம் ஒரு சான்று. 'இந்தப் பறவை, இந்த நேரத்தில், இந்த நீரில் இப்படி இருந்தது' என்று அது சொல்கிறது. புரட்டி ஒட்டிய படம் அந்தச் சாட்சியத்தைப் பொய்யாக்கிவிடுகிறது. மாற்றியிருந்தால் 'மாற்றப்பட்டது' என்று கீழே எழுதிவிடுங்கள்.

செய்து பாருங்கள்

தேவையானவை: ஒரே அளவுள்ள இரண்டு தட்டையான பாத்திரங்கள், ஆறிய கோப்பி ஓ, ஆறிய தே தாரேக், இரண்டு பொம்மை வாத்துகள், கைப்பேசி, அளவுகோல்.

1. பாத்திரங்களை மேசையில் அருகருகே வைத்து ஒன்றில் கோப்பி ஓவும் மற்றதில் தே தாரேக்கும் ஊற்றுங்கள். விளிம்பு பார்வையை மறைக்காதபடி பாத்திரம் ஏறக்குறைய நிறையட்டும். இரண்டிலும் பொம்மை வாத்தை மிதக்க விடுங்கள்.

2. அரை மீட்டர் தூரத்தில், மேற்பரப்பிலிருந்து 50, 20, 5 சென்டிமீட்டர் உயரங்களில் படமெடுங்கள். தூரத்தை மாற்றாதீர்கள்.

3. ஒவ்வொரு படத்திலும் பிம்பத்தின் தெளிவை 1 முதல் 5 வரை மதிப்பிட்டு அட்டவணையில் எழுதுங்கள். பொம்மையின் அடிப்பக்கம் எந்த உயரத்தில் அதிகம் தெரிகிறது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

4. மெதுவாக ஊதி, பிம்பம் எந்தத் திசையில் நீள்கிறது என்று பாருங்கள்.

சிந்தித்து விடை காணுங்கள்

1. படக்கருவி 1 மீட்டர் உயரத்திலும், வாத்து 6 மீட்டர் தூரத்திலும், வாத்தின் கண் 0.2 மீட்டர் உயரத்திலும் உள்ளன. இரண்டு பார்வைகளுக்கும் இடையே உள்ள கோண வேறுபாடு என்ன? (சுமார் 19 பாகை வந்தால் உங்கள் கணக்குச் சரி.)

2. மாண்டரின் வாத்தின் செம்மஞ்சள் கன்ன இறகும் மல்லார்ட்டின் பச்சைத் தலையும் நிழலில் எப்படி மாறும்? எது அதிகம் மாறும், ஏன்?

3. குளத்தின் அடியில் உள்ள கல் நம் காலருகே நன்றாகத் தெரிகிறது. தூரத்தில் வானம் மட்டுமே தெரிகிறது. மேலே கொடுத்த எண்களைக் கொண்டு இதை விளக்குங்கள்.

அடுத்த முறை ஏரிக்கரைக்குப் போகும்போது, படமெடுப்பதற்கு முன் ஒரு நிமிடம் நீரைப் பாருங்கள். பிறகு தாழ்ந்து அமருங்கள். வாத்து தானாகவே மிதந்து வரட்டும்.